புவிசார் அரசியல், பாதுகாப்பு, ராணுவம்: இளநிலைப் படிப்பில் சேருபவருக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் யோசிக்கிறவருக்கு இந்தப் படிப்பின் முதல் சிக்கல் ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு சபை என்கிறோம், பாதுகாப்பு அமைச்சகம் என்கிறோம். இரண்டிலும் ஒரே 'பாதுகாப்பு'. ஆங்கிலத்தில் முன்னது செக்யூரிட்டி, பின்னது டிஃபென்ஸ். டிஃபென்ஸ் என்றால் படை, ஆயுதம், அதற்கான பட்ஜெட். செக்யூரிட்டி அதைவிடப் பெரிய வட்டம். 1994இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அறிக்கை 'மனிதப் பாதுகாப்பு' என்ற பெயரில் ஏழு விஷயங்களை அடுக்கியது: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதரின் உயிர், சமூகக் குழுக்கள், அரசியல் உரிமை. இந்த ஏழில் ராணுவம் என்ற சொல்லே இல்லை. ஒரு தேர்வுக் கேள்வியில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், மூன்று பக்கம் எழுதியும் கேட்டதற்குப் பதில் வந்திருக்காது. இந்தக் கட்டுரையில் பாதுகாப்பு என்றால் அந்தப் பெரிய வட்டம். உள்ளே இருக்கும் சின்ன வட்டத்தை ராணுவம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசக் காரணம் உண்டு. செய்தி பார்ப்பவரும் இந்தத் துறையைப் படிப்பவரும் பிரிகிற இடம் இதுதான். செய்தி பார்ப்பவருக்கு 'போர் மேகங்கள் சூழ்கின்றன' என்றாலே போதும். படிப்பவர் எத்தனை கப்பல், எத்தனை கிலோமீட்டர், யார் சொன்னது, எந்தச் சொல்லில் சொன்னார் என்று கேட்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் பழகப்போவது இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான்.

சேருவதற்கு முன்

ஒரே படிப்பு பல பெயர்களில் கிடைக்கும்: சர்வதேச உறவுகள், பாதுகாப்பு ஆய்வுகள், போர் ஆய்வுகள், உத்தி ஆய்வுகள், அமைதியும் மோதலும், புவிசார் அரசியல். பெயரை நம்பாதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கி, ஒவ்வொரு ஆண்டிலும் என்னென்ன தாள்கள் என்று பாருங்கள். போர் ஆய்வுகள் என்று பெயர் வைத்த இடத்தில் வரலாறு தூக்கலாக இருக்கும். சர்வதேச உறவுகள் என்றால் கோட்பாடும் அமைப்புகளும். புவிசார் அரசியல் என்ற பெயர் சில இடங்களில் அசலான புவியியல் துறையிலிருந்து வரும். சில இடங்களில் அது மாணவரை ஈர்க்க ஒட்டிய புது லேபிள் மட்டுமே.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஆய்வு முறையியல் தாள், அதாவது புள்ளியியலோ நேர்காணல் முறையோ ஆவண ஆய்வோ, கட்டாயமாக இருக்கிறதா? ஒரு வெளிநாட்டு மொழியைக் கூடவே படிக்க வழி இருக்கிறதா? இந்த இரண்டும் இல்லாத பாடத்திட்டம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், மூன்றாம் ஆண்டில் கையில் கருத்துகள் நிறைய இருக்கும், அவற்றைச் சோதிக்கும் கருவி இருக்காது.

இன்னொன்று. இது ராணுவ அதிகாரி ஆகும் பயிற்சி இல்லை. அதற்கு ராணுவக் கல்லூரிகளும் தனித் தேர்வுகளும் இருக்கின்றன. இது சிவிலியன்களுக்கான சமூக அறிவியல் படிப்பு. துப்பாக்கி வகைகளை மனப்பாடமாகச் சொல்லும் நண்பர் முதல் மாதத்திலேயே ஏமாந்துபோவதுண்டு. பத்தாம் நூற்றாண்டு வரி வசூலையும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்த உரையையும் படிக்கச் சொல்கிறார்களே என்று.

முதல் மாதம்: கையால் வரைபடம்

கோட்பாட்டுப் புத்தகத்தை அப்புறம் திறக்கலாம். முதலில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு அளவுகோல். பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையை வரையுங்கள். வடக்கே ஈரான், தெற்கே ஓமானின் முசந்தம் முனை. மிகக் குறுகலான இடத்தில் அகலம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் உள்ளே போகும் கப்பல்களுக்கு ஒரு பாதை, வெளியே வரும் கப்பல்களுக்கு ஒரு பாதை, நடுவில் ஓர் இடைவெளி. ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். வழக்கமான காலத்தில் உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கோடுகளுக்குள்தான் போய்வந்தது.

இப்போது அதே தாளில் இரண்டு கரைகளிலிருந்தும் 12 கடல் மைல் அளந்து கோடு போடுங்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு அனுமதிக்கும் ஆட்சிக்கடலின் எல்லை அது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு கடல் மைல், ஏறத்தாழ 44 கிலோமீட்டர். நீரிணையோ அதைவிடக் குறுகல். அதாவது இரண்டு கோடுகளும் ஒன்றை ஒன்று தாண்டிவிடும். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று ஒரு துளிகூட மிச்சமில்லை. அப்படியானால் மற்ற நாட்டுக் கப்பல்கள் எந்த உரிமையில் போகின்றன? அந்த உடன்படிக்கை சர்வதேச நீரிணைகளுக்கென்று தனியாகக் கடந்துசெல்லும் உரிமை ஒன்றை வைத்திருக்கிறது. ஈரான் அதில் கையெழுத்திட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக ஏற்புறுதி செய்யவில்லை. அமெரிக்கா சேரவே இல்லை. பென்சிலால் இரண்டு கோடு போட்டதுமே புவியியலில் தொடங்கிய நீங்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள், அங்கிருந்து அரசியலுக்குள்ளும்.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சவுதி அரேபியா தன் கிழக்குப் பகுதி எண்ணெயைக் குழாய் வழியாகச் செங்கடல் கரையில் உள்ள யான்புவுக்குக் கொண்டுபோக முடியும். ஹோர்முஸைத் தவிர்த்தாயிற்று, சரி. ஆனால் அந்த எண்ணெய் ஆசியாவுக்கு வர வேண்டுமானால் செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெபைத் தாண்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய இடம் அதுவே. ஒரு வாசலைத் தவிர்த்தால் இன்னொரு வாசல். இதை யாரும் சொல்லித்தந்து புரிவதைவிட, கை வரைந்து கண் பார்க்கும்போது புரிவது வேறு.

இப்படி மலாக்கா, சூயஸ், பாஸ்பரஸ், பனாமா, தைவான் நீரிணை என்று வாரத்துக்கு ஒன்று போதும். அழகாக வர வேண்டியதில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுவரில் மாட்டிய உலகப் படத்தையும் சந்தேகியுங்கள். 1569இல் வரைபடக் கலைஞர் மெர்காட்டர் வரைந்த முறை கடலோடிகளுக்கானது. திசை சரியாக இருக்கும், பரப்பு பொய் சொல்லும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரிது. அந்தப் படத்தில் ரஷ்யா ஒரு கோடி, அமெரிக்கா இன்னொரு கோடி. ஓர் உலக உருண்டையை எடுத்து வடதுருவத்தை மேலிருந்து பாருங்கள்: ஆர்க்டிக் என்ற ஒரு கடலைச் சுற்றி இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்கு ஏன் வடக்கு நோக்கி ரேடார் வைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் உருண்டையிலேயே இருக்கிறது.

கோட்பாடு: மூன்று கண்ணாடி, ஒரே காட்சி

இரண்டாவது மாதத்திலிருந்து கோட்பாடு வரும். யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டமைவாதம் என்று மூன்று பெரிய பெயர்கள். மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவது. முதலாம் ஆண்டில் எல்லோரும் யதார்த்தவாதிகள். அதிகாரம்தான் எல்லாம் என்று சொல்வதில் ஒரு முதிர்ச்சித் தோற்றம் கிடைக்கிறது போலும்.

ஒரே நிகழ்வை மூன்று கண்ணாடியிலும் பார்த்துப் பழகுங்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதை எதிர்க்கவே 1949இல் 12 நாடுகள் தொடங்கிய ராணுவக் கூட்டணியான நேட்டோ ஏன் கலையவில்லை? எதிரி போனபின் கூட்டணி தளரும் என்பது யதார்த்தவாதக் கணக்கு; கென்னத் வால்ட்ஸ் போன்றவர்கள் 1990களில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அமைப்புகளுக்கு முக்கியத்துவம் தருகிற தாராளவாதி, ஒருமுறை உருவான தலைமையகமும் கூட்டு நடைமுறைகளும் புது வேலை தேடிக்கொள்ளும் என்பார். கட்டமைவாதி, அது எதிரியால் மட்டும் சேர்ந்த கூட்டம் இல்லை, 'நாம் ஒரே வகை நாடுகள்' என்ற அடையாளத்தால் சேர்ந்தது என்பார். இன்று நேட்டோவில் 32 நாடுகள். அதனால் யதார்த்தவாதம் தோற்றுவிட்டது என்று முடித்துவிட வேண்டாம். 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் ஏன் சேர்ந்தன என்று கேளுங்கள்; அங்கே யதார்த்தவாதி மறுபடி எழுந்து நிற்பார்.

ஒரு கருத்தை மட்டும் முதல் ஆண்டிலேயே எலும்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பாதுகாப்புச் சிக்கல். 1950இல் ஜான் ஹெர்ஸ் பெயர் சூட்டியது, 1978இல் ராபர்ட் ஜெர்விஸ் விரித்தது. ஒரு நாடு தற்காப்புக்கு என்று வாங்கும் வான்காப்பு ஏவுகணை, பக்கத்து நாட்டுக்கு எப்படித் தெரிகிறது? 'நம் விமானங்கள் இனி பதிலடி தர முடியாது; அப்படியானால் அவர்கள் துணிந்து அடிப்பார்கள்' என்று தெரிகிறது. அவர்களும் வாங்குவார்கள். இரண்டு பக்கமும் கெட்ட எண்ணம் இல்லாமலே இரண்டும் ஆபத்தில் மாட்டும். எந்த மோதலைப் படித்தாலும் ஒருமுறையாவது எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கு அது எப்படித் தெரிகிறது என்று அவர்கள் மறுக்காத வகையில் உங்களால் எழுத முடிகிறதா என்பதே சோதனை.

வரலாறு: குறைவாக, ஆழமாக

1648 வெஸ்ட்ஃபாலியா அமைதி உடன்படிக்கையிலிருந்து நேற்றுவரை எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட, இரண்டு மூன்று நெருக்கடிகளை நாள் நாளாகப் படிப்பது பலன் தரும். சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி நல்ல தொடக்கம், ஏனென்றால் ஆவணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்க அதிபர் கென்னடி கூட்டங்களை ரகசியமாக ஒலிப்பதிவு செய்திருந்தார். அவை இன்று வெளியாகியிருக்கின்றன.

தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் 'அன்று அவர்களுக்குத் தெரிந்தது', வலது பக்கம் 'பிற்பாடு நமக்குத் தெரிந்தது' என்று எழுதுங்கள். கியூபாவில் 40,000க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். வாஷிங்டன் நினைத்தது அதில் ஒரு பகுதி மட்டுமே. தீவில் சிறிய ரக அணு ஆயுதங்களும் ஏற்கெனவே இறங்கியிருந்தன என்பது முப்பது ஆண்டு கழித்துத்தான் அமெரிக்கர்களுக்கு உறுதியானது. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாகப் பேசியது அன்று பொதுமக்களுக்குத் தெரியாது. இந்த இரண்டு பத்திகளையும் நிரப்பியபின் 'கென்னடி உறுதியாக நின்றார், குருஷ்சேவ் பின்வாங்கினார்' என்று ஒரு வரியில் எழுத உங்களுக்கே கை வராது.

ஒப்பந்தத்தைப் படிப்பது, அதைப் பற்றிப் படிப்பது அல்ல

இங்கேதான் நான் முதலாம் ஆண்டில் வசமாக மாட்டினேன். நேட்டோவின் 5ஆம் பிரிவு பற்றி ஒரு கட்டுரை. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்ற எல்லா நாடுகளும் தானாகப் போரில் இறங்கியாக வேண்டும் என்று எழுதிவிட்டு, அதன்மேல் நான்கு பக்கம் கட்டடம் கட்டியிருந்தேன். ஆசிரியர் அந்த ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, மூல உரையை எடுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார். படித்தேன். ஒருவர்மீதான தாக்குதல் எல்லோர்மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்பது இருக்கிறது. கூடவே, ஒவ்வொரு நாடும் ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, தான் தேவை என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் இருக்கிறது. 'தான் தேவை என்று கருதும்' என்ற அந்தத் தொடரில் என் நான்கு பக்கமும் சரிந்தது. அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் செயலுக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்.

ஒப்பந்த உரைகள் பெரும்பாலும் சிறியவை. நேட்டோ ஒப்பந்தத்தில் மொத்தமே 14 பிரிவுகள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐ.நா. சாசனத்தில் 2ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவும் 51ஆம் பிரிவும் எல்லா விவாதங்களிலும் வரும்: முன்னது படைபலப் பயன்பாட்டைத் தடுக்கிறது, பின்னது தற்காப்புக்கு விலக்கு தருகிறது. பாதுகாப்பு சபையில் 15 நாடுகள், தீர்மானம் நிறைவேற 9 வாக்கு, ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்றுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. வாக்களிக்காமல் ஒதுங்கி இருப்பது வீட்டோ ஆகாது. இந்தக் கடைசி வரியைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

தமிழரான நமக்கு இன்னொரு கூடுதல் கவனம் வேண்டும். 1967 நவம்பர் 22 அன்று பாதுகாப்பு சபையில் நிறைவேறிய தீர்மானம் 242ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலியப் படைகள் அண்மைப் போரில் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்கிறது. ஆங்கில உரையில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' (the) என்ற சுட்டுச்சொல் இல்லை. அதனால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் என்று பொருள் இல்லை என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. பிரெஞ்சு உரையிலோ 'அந்தப் பகுதிகள்' என்ற பொருள் வரும்படி சொல் இருக்கிறது. மறுதரப்பு அதைக் காட்டுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலான சண்டை, மூன்றெழுத்துச் சொல் ஒன்றைப் பற்றி. தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. மொழிபெயர்ப்பில் படித்தால் அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாமல் தாண்டிவிடுவோம். ஆகவே விளக்கத்தைத் தமிழில் படியுங்கள், உரையை மூலத்தில் படியுங்கள்.

எண்கள்

மூன்று இடங்களைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடியும். ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி என்ற ஆய்வு நிறுவனம் ராணுவச் செலவையும் ஆயுத வர்த்தகத்தையும் தொகுக்கிறது, இலவசம். லண்டனின் ஐ.ஐ.எஸ்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் நாடுவாரியாகப் படைபலக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது, நூலகத்தில் கேளுங்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் மோதல்களின் தரவுத்தளத்தை நடத்துகிறது.

ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வரையறை இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். உப்சாலா கணக்கில் ஓர் ஆண்டில் சண்டையில் 25 பேர் இறந்தால் அது ஆயுத மோதல், 1,000 பேர் இறந்தால் போர். 24 பேர் இறந்த ஆண்டு பட்டியலில் இருக்காது. ஒரு நாட்டில் 'அமைதி திரும்பியது' என்று வரைபடம் காட்டினால், அது உண்மையில் இருபத்துநான்காக இருக்கலாம்.

சிப்ரி கணக்குப்படி 2024இல் உலக ராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமெரிக்காவுடையது, சீனாவின் செலவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. உடனே 'அப்படியானால் அமெரிக்காவுக்குச் சீனாவைவிட மூன்று மடங்கு பலம்' என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். இரு நாட்டு வீரர்களின் சம்பளம் ஒன்றா? சீனாவின் எண் அரசு சொன்னதா, சிப்ரி மதிப்பிட்டதா? ஓய்வூதியம் உள்ளே இருக்கிறதா? சிப்ரி அதைச் சேர்க்கிறது. எந்தக் கடலில், கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சண்டை? தைவான் நீரிணை குறுகலான இடத்தில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அமெரிக்கப் படை ஒரு பெருங்கடலைத் தாண்டி வர வேண்டும். செலவு என்பது பலம் அல்ல. பலம் என்பதும் எங்கே என்று சொல்லாதவரை அரைகுறைச் சொல்தான்.

ராணுவம் தெரியாமல் ராணுவம் பேசாதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு பிளாட்டூன் என்றால் முப்பது நாற்பது பேர், கம்பெனி நூறு நூற்றைம்பது, பட்டாலியன் ஐந்நூறிலிருந்து ஆயிரம், பிரிகேட் சில ஆயிரம், டிவிஷன் பத்தாயிரத்துக்கு மேல். நாட்டுக்கு நாடு மாறும், ஆனாலும் இந்த அளவாவது தலையில் இருந்தால், 'ஒரு பட்டாலியன் எல்லைக்கு நகர்ந்தது' என்ற செய்தியும் 'ஒரு டிவிஷன் நகர்ந்தது' என்ற செய்தியும் ஒன்றில்லை என்று தெரியும். அடுத்தது, துப்பாக்கியைவிட லாரியைக் கவனியுங்கள். எரிபொருள், குண்டு, உதிரிப்பாகம், கள மருத்துவமனை. பயிற்சிக்காக நகரும் படைக்கும் போருக்காக நகரும் படைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் பின்னால் வரும் இந்த வண்டிகளில் தெரியும்.

வகுப்பில் போர் விளையாட்டோ நெருக்கடி ஒத்திகையோ வைத்தால் தவறாமல் சேருங்கள். வல்லரசு வேடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். நீங்கள் நடுவில் மாட்டிய சின்ன நாட்டை எடுங்கள். இருபுறமும் ஒரே நேரத்தில் போன் வரும்போது கற்றுக்கொள்வது அதிகம்.

செய்தியும் செயற்கைக்கோளும்

ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செய்தி வேண்டாம். ஒரே சம்பவத்தைச் சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பு ஊடகங்களிலும், சம்பந்தமில்லாத மூன்றாவது நாட்டு ஊடகத்திலும் படியுங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்; மிச்சமெல்லாம் இன்னும் சரிபார்க்க வேண்டியவை.

காணொளிகளைப் பகிரும் முன் நிழலைப் பாருங்கள், மலைக்கோட்டைப் பாருங்கள், பழைய படமா என்று தேடிப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஒரு போர் விமானம் இரண்டு புள்ளிக்கு மேல் இருக்காது. அது விமானமா கொட்டகையா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. புதிதாகப் போட்ட ஓடுபாதை தெரியும், பெரிய கப்பல் தெரியும், வெட்டிய காடு தெரியும். படத்தால் என்ன சொல்ல முடியாது என்பதைச் சேர்த்து எழுதினால் உங்கள் வேலைக்கு மதிப்பு கூடும். எந்த நாட்டில் இருந்தாலும் படை நடமாட்டத்தைப் படம் பிடித்துப் போடுவதில் சட்டச் சிக்கல் உண்டு. ஆர்வக் கோளாறில் அதைச் செய்யாதீர்கள். மோதல் காட்சிகளைத் தொடர்ந்து பார்த்தால் தூக்கம் கெடும். ஒலியை அணைத்துவிட்டு, சின்னத் திரையில், பகலில் பாருங்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம். வாரம் ஒரு கணிப்பு எழுதுங்கள், தேதியோடும் சதவிகிதத்தோடும்: 'இந்தப் போர்நிறுத்தம் 90 நாள் தாண்டும், 60 சதவிகிதம்.' சதவிகிதம் ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1951இல் சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டு அலுவலகம், சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்க 'தீவிரமான சாத்தியம்' இருக்கிறது என்று எழுதியது. அதில் முக்கியப் பங்கு வகித்த ஷெர்மன் கென்ட்டிடம், அதற்கு என்ன அர்த்தம் என்று ஓர் அதிகாரி கேட்டார். ஏறக்குறைய 65க்கு 35 என்றார் கென்ட். கேட்டவருக்கு அதிர்ச்சி, அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். சரி என்று கென்ட் தன் சகாக்களிடம் விசாரித்தார். அந்தச் சொற்களுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் 80 சதவிகிதம் என்று நினைத்திருந்தார், இன்னொருவர் 20. ஒரே வாக்கியத்தில் எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள், எதிலும் உடன்படாமலே. தாக்குதல் கடைசியில் நடக்கவில்லை.

நம் செய்திகளில் வரும் 'வாய்ப்புள்ளது', 'அபாயம் நிலவுகிறது', 'எனத் தெரிகிறது' எல்லாம் இதே ரகம். உங்கள் நோட்டை ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். 90 சதவிகிதம் என்று எழுதியவற்றில் எத்தனை நடந்தன? என்னுடையதில் பாதிக்குச் சற்றே அதிகம். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கட்டுரை எழுதும்போது

நாட்டை மனிதராக்காதீர்கள். 'மாஸ்கோ கோபமடைந்தது', 'பெய்ஜிங் நினைக்கிறது' என்றெல்லாம் பத்திரிகை எழுதலாம், இடம் மிச்சம். நீங்கள் எழுதும்போது மாஸ்கோவில் யார் என்று கேளுங்கள்: அதிபரா, வெளியுறவு அமைச்சகமா, ராணுவத் தலைமையா, தொலைக்காட்சித் தொகுப்பாளரா? கியூபா நெருக்கடியை வைத்து கிரஹாம் அல்லிசன் 1971இல் காட்டியதும் இதையே. ஒரே முடிவை, நாடு ஒரு மனிதர்போல எடுத்ததாகவும் பார்க்கலாம், அமைப்புகளின் பழக்கத்தால் வந்ததாகவும் பார்க்கலாம், அதிகாரிகளின் இழுபறியில் விளைந்ததாகவும் பார்க்கலாம்.

'சீனா ஆக்ரோஷமாக நடந்துகொள்கிறது' என்பது ஒரு வாக்கியம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அதை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'இந்தப் பாறைத்திட்டின் அருகே சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் இந்த ஆண்டு இத்தனை நாள் நின்றன, சென்ற ஆண்டு இத்தனை நாள்.' ஆக்ரோஷம் என்று சொல்வதா வேண்டாமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார். கொள்கைக் குறிப்பு எழுதச் சொன்னால் முடிவை முதல் இரண்டு வரியில் வைத்துவிடுங்கள். அமைச்சர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பமாட்டார்.

மொழி, வேலை

ஒரு மொழியை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். அரபு, ரஷ்யன், சீனம், பாரசீகம், பிரெஞ்சு என எதுவானாலும், மூன்று ஆண்டில் ஒரு செய்தித்தாள் தலையங்கத்தை அகராதியோடு படிக்கும் அளவுக்கு வந்தால், கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிவீர்கள். மொழியோடு கொஞ்சம் புள்ளியியலும் விரிதாளும்.

வேலை என்றதும் எல்லோருக்கும் வெளியுறவுத் துறையும் உளவுத் துறையும்தான் நினைவுக்கு வரும். அங்கே இடம் குறைவு, தேர்வு தனி, பின்னணிச் சோதனையும் உண்டு. சமூக ஊடகத்தில் இன்று கோபத்தில் எழுதுவதை நான்கு ஆண்டு கழித்து ஒருவர் மேசையில் வைத்துக் கேட்கக்கூடும். வெளியே தெரியாத இடங்கள் அதிகம்: நாடாளுமன்றக் குழு அலுவலகங்கள், உதவி அமைப்புகள், செய்தி நிறுவனங்களின் சரிபார்ப்புப் பிரிவுகள், பெரிய நிறுவனங்களின் அபாய ஆய்வுப் பிரிவுகள், கப்பல் காப்பீடு. லண்டன் காப்பீட்டுச் சந்தையில் ஒரு கூட்டுக் குழு, போர் அபாயம் உள்ள கடல் பகுதிகள் எவை என்று பட்டியலிடுகிறது. ஒரு பகுதி அதில் ஏறினால் அங்கே போகும் கப்பலுக்குக் கூடுதல் பிரீமியம் பேச வேண்டிவரும். முதல் மாதத்தில் பென்சிலால் வரைந்தீர்களே, அந்த நீரிணைகளை அங்கே சிலர் தினமும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறார்கள்.

கடைசி ஆண்டு ஆய்வேடு

தலைப்பைச் சுருக்கச் சொல்வார்கள். நீங்கள் சுருக்கியதாக நினைப்பீர்கள். அது இன்னும் பெரிதாகவே இருக்கும். 'செங்கடல் நெருக்கடியும் உலக அரசியலும்' என்று தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உலக அரசியலை வெட்டுங்கள். 'செங்கடல் தாக்குதல்களுக்குப் பின் கப்பல் நிறுவனங்களின் முடிவுகள்.' இன்னும் பெரிது. எந்தக் காலம்? 2023 நவம்பரிலிருந்து 2024 நவம்பர். எந்த நிறுவனங்கள்? மூன்று. என்ன முடிவு? நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போவதென்று அறிவித்த நாளும், திரும்பி வரலாம் என்று பேசிய நாளும். ஆதாரம் எங்கே? அவர்கள் வெளியிட்ட வாடிக்கையாளர் அறிவிப்புகளும் பங்குதாரர் அறிக்கைகளும். கேள்வி? தாக்குதல்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு மாறியதா, கடற்படைப் பாதுகாப்பு வந்ததைப் பார்த்தா, கட்டண லாபத்தைப் பார்த்தா?

இதை ஒரே பக்கத்தில் எழுதி, கூடவே கையால் வரைந்த பாப் எல் மண்டெப் படத்தையும் வைத்துக்கொண்டு வழிகாட்டி ஆசிரியரைப் பார்க்கப் போங்கள். அவர் முதலில் அந்த ஓர் ஆண்டை ஆறு மாதமாகக் குறைக்கச் சொல்வார். குறைத்துவிடுங்கள்.